உள்ளங்கால் மச்சம்

அத்தியாயம் 6

"மச்சத்தைப் பார்க்கணுமா, மச்சம் பார்க்கிற மெஷினைப் பார்க்கணுமா?" என்று கேட்டார் டாக்டர் பாத்திமுத்து.

மச்சத்தைத்தான் என்றார் நஞ்சுண்டன். டாக்டர் அதைப் பொருட்படுத்தாமல் எழுந்து போய்ச் சுவரோரம் இருந்த கண்ணாடி பீரோவைத் திறந்தார்.

"ஏனுங்ண்ணா, நாம ஆஸ்பத்திரிக்கு வந்தமா, மியூசியத்துக்கு வந்தமா?" என்று மாசாணி மெதுவாகக் கேட்டாள்.

நஞ்சுண்டன் கடிகாரத்தைப் பார்த்தார். காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அவருடைய துப்பறியும் ஆபீஸ். மாசாணியம்மாள் அங்கே உதவியாளர். விலங்கியல் படித்தவள். வேலைக்குச் சேர்ந்த அன்றே, படித்த படிப்புக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தம் உண்டு, இரண்டிலும் பூச்சி புழுக்களோடுதான் பழக வேண்டும் என்று சொன்னவள்.

மணி ஒன்பது. மத்தியானத்துக்குள் ஒரு மனிதனின் உள்ளங்காலில் இருப்பது மச்சம்தானா என்று சொல்லியாக வேண்டும்.

அந்த மனிதன் பாலகோபால். சோமனூர்ப் பக்கம் நூல் மில் வைத்திருக்கும் வெங்கடபதியின் ஒரே மகன். அல்லது மகன் என்று வந்திருப்பவன்.

வெங்கடபதியின் மகன் பதினோரு வயதில் போத்தனூர் ஜங்ஷனில் ரயிலேறிக் காணாமல் போனான். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போன மாதம் ஹூப்ளியிலிருந்து மில்லுக்கு மெஷின் மாட்ட வந்த மெக்கானிக்குகளில் ஒருவன் தன் பெயர் பாலகோபால் என்றான். வெங்கடபதி அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலைக் காட்டச் சொன்னார்.

காரணம், அவர் வீட்டு ஹாலில் கதவளவுக்கு மாட்டியிருந்த ஒரு போட்டோ. மூன்று மாதக் குழந்தை ஒன்று, உடம்பில் பொட்டுத் துணியில்லாமல், குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கியிருக்கிறது. இடது கால் மடங்கி, உள்ளங்கால் காமிராவைப் பார்க்கிறது. அதன் நடுவில் கறுப்பாக, வட்டமாக ஒரு மச்சம். காலில் மச்சம் இருந்தால் ஊர் ஊராகச் சுற்றுவான் என்று வெங்கடபதி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். மகன் காணாமல் போன பிறகும் அதையேதான் சொன்னார். பெருமை மட்டும் குறைந்திருந்தது.

மெக்கானிக் அன்றைக்கு ஷூவைக் கழற்றவில்லை. ஏதோ சாக்குச் சொன்னான். மறுநாள் கழற்றினான். மச்சம் இருந்தது.

இடையில் இருந்த அந்த ஒரு ராத்திரிதான் வெங்கடபதியின் தங்கை பங்காரம்மாவை உறுத்தியது. நஞ்சுண்டனைத் தேடி வந்தவர் அவர். அண்ணனுக்கு ஏற்கெனவே ஒரு தரம் நெஞ்சுவலி வந்து போயிருந்தது. இன்று மத்தியானம் மில் ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் மகனுக்கு மாலை போடப் போகிறார். அதற்குப் பிறகு இவன் பொய் என்று தெரிந்தால் அண்ணன் பிழைக்க மாட்டார். அதற்கு முன்னால் தெரிந்தால் அழுதுவிட்டாவது எழுந்துவிடுவார். பங்காரம்மா போட்ட கணக்கு இது.

கேட்டதற்கெல்லாம் சரியாகவே பதில் சொல்கிறான் என்றும் அவர் சொன்னார். அந்தக் காலத்து நாயின் பெயர், மாடிப்படியில் எந்தப் படி ஆடும், எல்லாம். ஆனால் அண்ணனை ஒரு தடவைகூட நாயனா என்று கூப்பிடவில்லை. அந்த வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவன் ஐயா என்கிறான்.

"அப்போ பிராடுதானுங்க," என்று மாசாணி அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். நஞ்சுண்டன் எழுதவில்லை. பங்காரம்மா தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த அதே போட்டோவின் சின்னப் பிரதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கோவையில் தோல் நோய்க்குக் கெட்டிக்கார டாக்டர் யார் என்று விசாரித்தார்.

கெட்டிக்கார டாக்டர் இப்போது பீரோவிலிருந்து கொம்புப் பிடி போட்ட ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். புதுக் கருவியைப் பார்க்க வருகிறவர்கள் பழையதிலிருந்து பார்த்துவர வேண்டும் என்பது அவருடைய சட்டமாம்.

முதலில் மாசாணியின் விரல். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒருவர் நகத்தோரத்து ரத்தக் குழாய்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார், தோலைக் கருவி வைத்துப் பார்த்த கதை அங்கே தொடங்குகிறது என்றார் டாக்டர். மாசாணி லென்ஸ் வழியாகத் தன் நகத்தைப் பார்த்துவிட்டு, தொடங்காமலே இருந்திருக்கலாம் என்றாள்.

அடுத்தது சாதாரணக் கண்ணாடித் துண்டு. நஞ்சுண்டனின் முழங்கையில் கொசு கடித்துச் சிவந்திருந்த இடத்தில் டாக்டர் அதை வைத்து அழுத்தினார். சிவப்பு காணாமல் போனது. எடுத்ததும் வந்துவிட்டது. ரத்தம் குழாய்க்குள் இருந்தால் அழுத்தும்போது ஒதுங்கும், வெளியே கசிந்திருந்தால் ஒதுங்காது. இவ்வளவுதான் கருவி. காசு செலவில்லை.

"அழுத்தினா ஒதுங்கறதும், கையை எடுத்தா வந்து நிக்கறதும், எங்க சின்ன மாமன் மாதிரியேங்க," என்றாள் மாசாணி.

டாக்டர் சிரித்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தார். ஊதா நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. இதைக் கண்டுபிடித்தவர் டாக்டரே இல்லை, அமெரிக்காவில் ஒரு பௌதிகப் பேராசிரியர் என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அவர் தனியாகப் பிரித்தார். டாக்டர்கள் அதைத் தோல் மேல் காட்டினார்கள். தலையில் வரும் படை இதில் பச்சையாகத் தெரிந்தது.

நஞ்சுண்டனின் வெள்ளைச் சட்டை டியூப்லைட் மாதிரி எரிந்தது. டாக்டர் மாசாணியின் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார். அவள் முகம் முழுக்கப் பச்சை கலந்த மஞ்சளாக ஒளி விட்டது.

"ஈரோட்டு மஞ்சளா?"

"பெருந்துறைச் சித்தி குடுத்ததுங்க. கழுவிப்போட்டுத்தான் வந்தேன்."

கழுவினது விளக்குக்குத் தெரியாது என்றார் டாக்டர். மஞ்சள் பூசுவது கிராமத்துப் பழக்கம் என்று போன வாரம்தான் ஆபீசில் அரைமணி நேரம் பேசியிருந்தாள் மாசாணி. நஞ்சுண்டனின் சட்டை இருட்டில் சிரிப்பில் குலுங்கியது.

விளக்கு வந்தது. ஜன்னல் திறந்தது. பித்தளையில் இரண்டு கண் வைத்த, படிக்கல் கனமுள்ள ஒரு கருவி மேஜைக்கு வந்தது. எழுபது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் இப்படி ஒன்றை வைத்துத்தான் தோலுக்குள் பார்த்தார்களாம். அதற்கும் முன்னால் அதே ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. தோல் மேல் ஒரு சொட்டு எண்ணெய். குளத்துத் தண்ணீரில் வெயில் பளபளக்கும்போது அடியில் இருக்கும் மீன் தெரியாது. எண்ணெய் விட்டால் தோலின் பளபளப்பு போய்விடும், மீன் தெரியும்.

"மீனுங்களா?" என்றார் நஞ்சுண்டன். அது வரை கேட்டதில் அவருக்குப் பிடித்தது இதுதான்.

கடைசியாக டாக்டர் தன் கைப்பையிலிருந்தே ஒன்றை எடுத்தார். சின்ன டார்ச் மாதிரி இருந்தது. முனையில் கண்ணாடி, உள்ளே பல்ப், பிடிக்குள் பேட்டரி. ஜெர்மனியில் இது கைக்கடக்கமாக வந்தே ஏழெட்டு வருஷம்தான் ஆகிறது. மருமகன் போன மாதம் வாங்கி வந்தார். அன்றிலிருந்து வீட்டில் இருக்கும் மச்சம் அத்தனையும் பார்த்தாகிவிட்டது, பக்கத்து வீட்டு மச்சங்களும் முடிந்தன. உள்ளங்கால் மச்சம் மட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று அவர் பெருமூச்சு விட்டார்.

அதற்குத்தான் வந்திருக்கிறோம் என்றார் நஞ்சுண்டன்.

டாக்டர் பாத்திமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வெளியே உட்கார்ந்திருந்த மூன்று சொறிக்காரர்களையும் சாயங்காலம் வரச் சொன்னார். பூதக்கண்ணாடி, எண்ணெய்க் குப்பி எல்லாம் போட்ட பையை மாசாணி தூக்கிக்கொண்டாள்.

*

ரேஸ்கோர்ஸில் வெங்கடபதியின் பங்களா. காலைக் காட்டச் சொல்ல என்ன காரணம் சொல்லலாம் என்று நஞ்சுண்டன் வழியெல்லாம் யோசித்து வந்தார். கால் ஆணி முகாம் என்று சொல்லலாம் என்றாள் மாசாணி. எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் காப்பித் தம்ளரைக் கையில் வாங்குவதற்குள் வெங்கடபதியே மகனைக் கூப்பிட்டார்.

"கண்ணு, காலைக் காட்டு."

ஒரு மாதமாக வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் இந்த தரிசனம் உண்டாம். பால்காரர் இரண்டு தடவை பார்த்திருக்கிறார்.

பாலகோபால் ஒல்லியான ஆள். நரை தொடங்கியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து இடது காலைத் தூக்கி வைத்தான். பெரியவர்கள் பக்கம் காலை நீட்டுகிறோமே என்ற கூச்சம் இன்னும் முகத்தில் இருந்தது. டாக்டர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். கருவியை வைத்தார். ஒரு கண்ணை மூடினார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு மாசாணியையும் பார்க்கச் சொன்னார்.

உழுத காடு மாதிரி இருந்தது. வரப்பு, வாய்க்கால், வரப்பு, வாய்க்கால். உள்ளங்கால் ரேகைகள். வரப்பெல்லாம் கறுப்பு. வாய்க்கால்கள் வெளுப்பாகக் கிடந்தன.

"எப்படீங்க டாக்டர், எம் பையன் மச்சம்?" என்று கேட்டார் வெங்கடபதி.

"இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லீங்க."

வெங்கடபதிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். டாக்டருக்கு இன்னொரு மைசூர்பாகு வைக்கச் சொன்னார். பாலகோபால் மட்டும் டாக்டரின் முகத்தைப் பார்த்தான். காலை மெதுவாக இறக்கிக்கொண்டு மாடிக்குப் போனான்.

தோட்டத்துப் பக்கம் வந்ததும் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். பிறவி மச்சம் உள்ளங்காலில் பெரும்பாலும் வாய்க்காலோடுதான் ஓடும். மேலே பூசின சாயம் வரப்பில் ஏறி நிற்கும், ரப்பர் ஸ்டாம்பில் மை நிற்கிற மாதிரி. இது தலைமயிருக்குப் போடுகிற டை. சோப்புக்கும் போகாது, ஸ்பிரிட்டுக்கும் போகாது.

பங்காரம்மா அங்கேயே ஒரு பூந்தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனிடம் யார் சொல்வது என்று மட்டும் கேட்டார்.

"கேஸ் முடிஞ்சுதுங்ண்ணா," என்றாள் மாசாணி.

"இல்ல அம்மணி. பொய் சொல்லி வந்தவன் முதல் நாளே நாயனான்னு கூப்பிட்டிருப்பான். அதுக்குக் காசா பணமா? இவன் ஏன் கூப்பிடலை?"

மாசாணி வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் வந்து, சின்ன முதலாளி ஹூப்ளியிலிருந்து கொண்டுவந்த பழைய பையோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார் என்றான். வெங்கடபதி வாங்கிக் கொடுத்த துணி, வாட்ச், ஷூ எல்லாம் கட்டிலில் இருந்தன.

"எதையும் எடுக்காம ஓடற பிராடை இன்னைக்குத்தானுங்க பார்க்கறேன்," என்றாள் மாசாணி.

ஒரு தரம் எங்கிருந்து ஓடினானோ, இரண்டாவது தரமும் அங்கிருந்துதான் ஓடுவான் என்று நஞ்சுண்டனுக்குப் பட்டது. அண்ணனையும் டாக்டரையும் காரில் கூட்டிக்கொண்டு போத்தனூருக்கு வந்துவிடும்படி பங்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, தன் எம்-80 மொபெட்டை உதைத்தார். அது நாலாவது உதைக்குத்தான் இந்த உலகத்துக்கு வந்தது.

*

உக்கடம் தாண்டும் வரை அவர்களுக்கு முன்னால் ஒரு கரும்பு லாரி. குளத்துக்கரையில் எதிர்க்காற்று. பின்னால் உட்கார்ந்திருந்த மாசாணி, இந்த வண்டியைவிடத் தன் முகத்து மஞ்சளே வேகமாகப் போகும் என்றாள். குறிச்சி தாண்டியதும் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நஞ்சுண்டன் வண்டியை ஒரு டீக்கடையில் ஒப்படைத்துவிட்டுத் தண்டவாளத்தோரமாக ஓடினார். மாசாணி டாக்டரின் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். கேட்டில் நின்ற பஸ்ஸிலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

பாலகோபால் நடைமேடையின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. போலீசா என்று கேட்டான். மூச்சு வாங்கியதில் நஞ்சுண்டனால் இல்லை என்று தலையாட்டத்தான் முடிந்தது.

கேட்காமலே அவன் சொன்னான். சாயம் பூசினது நான்தான். நான் அந்த வீட்டுப் பையன் இல்லை. ஆனால் அந்த வீட்டில் பதினோரு வயது வரை வளர்ந்தவன்.

"என்னங்க இது, குறுக்கெழுத்துப் போட்டியா?" என்றாள் மாசாணி.

அம்மா முகம் அவனுக்கு நினைவில்லை. அவனுக்கு ஒரு வயது ஆகும் முன்பே இறந்துவிட்டாள். ஆயாதான் வளர்த்தாள். அப்பா காலையில் மில்லுக்குப் போனால் இவன் தூங்கிய பிறகு வருவார். வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் ஹாலுக்குக் கூப்பிட்டு, போட்டோவைக் காட்டி, என் பையன் காலில் மச்சம் என்பார். ஒரு நாள் மழையில் நனைந்து வந்து குழாயடியில் காலைக் கழுவியபோதுதான் அவன் முதல் தடவையாகத் தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தான். இடது கால். வலது கால். இரண்டிலும் ஒன்றும் இல்லை. மச்சம் பிறவியிலேயே வருவது, அழியாது என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னார்.

"அப்போ போட்டோவில இருக்கறது வேற பையன்னு முடிவு பண்ணிப்போட்டேனுங்க. ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்க, நிசமான பையன் எங்கியோ இருக்கான், அவன் சோத்தை நான் திங்கறேன்னு. கேட்கப் பயம். ரயிலேறிட்டேன்."

இப்போது மில்லுக்கு வந்தது மெஷின் மாட்டத்தான். அவரைத் தூரத்திலிருந்து ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருந்தான். காலைக் காட்டு என்று கேட்ட அவர் முகத்தைப் பார்த்த பிறகு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மச்சம் ஒன்று பூசிக்கொள்ள முடிந்தது. நாயனா என்று கூப்பிட மட்டும் முடியவில்லை. அது அந்த இன்னொரு பையனுடையது. மாலையும் அவனுடையது. அதனால்தான் கிளம்பிவிட்டான்.

நஞ்சுண்டன் சட்டைப் பையிலிருந்து சின்னப் போட்டோவை எடுத்து மாசாணியிடம் கொடுத்தார். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் டாக்டரின் பையிலிருந்து கொம்புப் பிடி பூதக்கண்ணாடியை எடுத்து, வெயில் படும்படி போட்டோவின் மேல் பிடித்தாள். ஜெர்மனியும் அமெரிக்காவும் சேர்ந்து கண்டுபிடித்த மற்றவையெல்லாம் பைக்குள்ளேயே இருந்தன.

அவள் லென்ஸைக் குழந்தையின் ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு நகர்த்தினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. போட்டோவைப் பாலகோபாலிடம் நீட்டினாள்.

இடது உள்ளங்காலில் கறுப்பு வட்டம். சரி. வலது கால் கட்டைவிரலின் நுனியிலும் கறுப்பு. விரிப்புத் துணியில் கால் உதைத்த இடத்தில் இன்னொரு தீற்றல்.

"மச்சம் எங்கியாச்சும் அடுத்த காலில ஒட்டுமாங்க? இது மைங்க. கண்ணு படாம இருக்க வெக்கிற பொட்டு. கன்னத்தில வெச்சா போட்டோவில மூஞ்சி கெட்டுப்போகும்ன்னு உங்க அம்மா காலில வெச்சிருக்காங்க. நீங்க சும்மா இருக்காம காலோட காலைத் தேய்ச்சுப்போட்டீங்க."

ஹாலில் இருந்த பெரிய படத்தில் இது இல்லையே என்றான் அவன். பெரிதாக்கிய ஸ்டுடியோக்காரர் அழுக்கு என்று நினைத்து விரலையும் விரிப்பையும் சுத்தம் பண்ணியிருப்பார், மச்சத்தை மட்டும் மரியாதையாக வட்டமாக்கி விட்டிருப்பார் என்றார் நஞ்சுண்டன். போட்டோவில் இருக்கும் குழந்தைக்கு மச்சமே கிடையாது. பதினோரு வயதில் குழாயடியில் நின்ற பையனுக்கும் கிடையாது. அப்புறம் எதற்கு இரண்டு பையன்கள்? ஒருவனே போதும்.

வெளியே ஒரு கான்டெஸா கார் வந்து நின்ற சத்தம். பங்காரம்மா அண்ணனின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பின்னால் டாக்டர், மைசூர்பாகுப் பொட்டலத்தோடு. மாசாணி முழுக் கதையையும் இன்னொரு தரம் சொன்னாள். அவள் சொன்னதில் எம்-80 நிஜத்தைவிட வேகமாக ஓடியது, மற்றபடி எல்லாம் சரியாகவே இருந்தது. அண்ணி அப்படித்தான் செய்வாள், பையன் முகத்தில் ஒரு துளி மை பட விடமாட்டாள் என்று பங்காரம்மா சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெங்கடபதி ஒன்றுதான் கேட்டார். ஆயா இருந்தாள், சமையல்காரர் இருந்தார், டிரைவர் இருந்தார். மச்சம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒருத்தர்கூட ஏன் சொல்லவில்லை?

"முதலாளி இருக்குதுன்னா இருக்குதுங்க," என்றாள் மாசாணி.

நஞ்சுண்டன் அவள் காலை மிதித்தார். ஆனால் வெங்கடபதி கோபப்படவில்லை. ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு நடைமேடையில் குழாய்க்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மகனின் இடது காலைப் பிடித்து இழுத்தார்.

பாலகோபால் பதறிப்போனான். வேண்டாம், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று காலை உருவப் பார்த்தான். மில் முதலாளியின் பிடி விடவில்லை. அவர் குழாயைத் திறந்துவிட்டு உள்ளங்காலைக் கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பித்தார். அந்தச் சாயம் போகப் பதினைந்து நாளாவது ஆகும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். அவர் காதில் வாங்கவில்லை.

பாலகோபாலின் முகம் ஒரு மாதிரி கோணியது. அழப் போகிறான் என்று மாசாணி நினைத்தாள். அவன் உதட்டைக் கடித்தான். கண்ணை இறுக்கி மூடினான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் அடக்க முடியாமல் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டான். ஒற்றைக் காலில் குதித்தான். நரை விழுந்த ஆள், போத்தனூர் ஜங்ஷனில், விடுங்க விடுங்க என்று கத்திக்கொண்டு பெஞ்சின் மேல் விழுந்து புரண்டான். ஹூப்ளிப் பக்கம் போகிற வண்டி வந்து, நின்று, ஜன்னல் ஜன்னலாக வேடிக்கை பார்த்துவிட்டுக் கிளம்பியது.

வெங்கடபதி தேய்ப்பதை நிறுத்திவிட்டு மகனை நிமிர்ந்து பார்த்தார். வேட்டியெல்லாம் ஈரம்.

"உனக்குக் கூச்சம் உண்டுன்னே எனக்குத் தெரியாது கண்ணு," என்றார்.

பிறகு, அதைச் சரியாகத் தெரிந்துகொள்வதற்காக, வலது காலையும் பிடித்து இழுத்தார்.